மாநிலக் கல்லூரி கடிகாரக் குவிமாடம்: யார் இந்த ஃபைசன்?

மெரினாவாசி:
சென்னை மாநிலக் கல்லூரி பிரதான கட்டடம் பற்றிக் கல்லூரி மலருக்கு ஒரு பக்கம் எழுத வேண்டும். கட்டிய ஆண்டு ஓரிடத்தில் 1840, இன்னோரிடத்தில் 1870. உச்சியில் இருப்பதை ‘ஃபைசன் டோம்’ என்கிறார்கள். கட்டடக் கலைஞர் சிஷோமிடம் வேலை பார்த்தவரா ஃபைசன்?

செங்கல்சுண்ணாம்பு:
1840 எழும்பூர் எட்மண்ட்ஸ் கார்டனில் பள்ளியாகத் தொடங்கிய ஆண்டு. அதைக் கட்டடத்துக்குப் போட்டுவிடாதீர்கள். ராபர்ட் சிஷோம் பிறந்ததே 1840இல்தான்! 1841இல் பிராட்வே பக்கம் போனது, 1855இல் பிரசிடென்சி கல்லூரி என்று பெயர் பெற்றது. கடற்கரைக் கட்டடத்துக்கு 1864இல் போட்டி வைத்து, சிஷோமின் வரைபடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 1867இல் அடிக்கல், 1870 மார்ச்சில் எடின்பரோ கோமகன் திறந்துவைத்தார்.

பாணி பற்றி எழுதும்போதும் கவனம். பக்கத்தில் இருக்கும் செனட் ஹவுஸும் (1874–79) சிஷோம் கட்டியதுதான், ஆனால் அதுதான் இந்தோ-சாரசனிக் (இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பியக் கூறுகள் கலந்த பாணி). கல்லூரியில் இத்தாலியச் சாயல்தான் தூக்கல். இரண்டையும் ஒரே வரியில் அடைப்பதால்தான் குழப்பமே.

தாவரவியல்காரன்:
ஃபைசன் பொறியாளர் இல்லை சார், தாவரவியல் பேராசிரியர். பி. எஃப். ஃபைசன்: நீலகிரி, பழனி மலையுச்சித் தாவரங்களைத் தொகுத்தவர், படங்களில் பல அவர் மனைவி வரைந்தவை. 1925 முதல் 1932 வரை கல்லூரி முதல்வர். நான்கு முகக் கடிகாரத்தோடு குவிமாடம் வந்தது 1940இல், கல்லூரியின் நூற்றாண்டுக்கு. சிஷோம் இறந்து கால் நூற்றாண்டு ஆகிவிட்டது அப்போது.

மெரினாவாசி:
மிக்க நன்றி. கையில் ஒரு பழைய படம் இருக்கிறது, ‘1930 வாக்கில்’ என்று குறிப்பு. குவிமாடம் தெரிகிறது. போடலாமா?

செங்கல்சுண்ணாம்பு:
படத்தைப் போடுங்கள், குறிப்பை மாற்றிவிட்டு. குவிமாடம் இருந்தால் 1940க்கு முன்பு எடுத்திருக்க வழியில்லை. அப்படியே வாசல் பக்கம் பாருங்கள்: உ.வே.சா. சிலை இருந்தால் 1948க்குப் பிந்தியது, இல்லாவிட்டால் அதற்கு முந்தியது. சிலை நிற்குமிடமே படத்துக்குள் வரவில்லை என்றால் இந்தக் கணக்கு செல்லாது, ‘1940க்குப் பின்’ என்பதோடு நிறுத்துங்கள். மலரில் ஆண்டுகளை இப்படிப் பிரித்தே போடுங்கள்: கல்லூரி 1840, கட்டடம் 1867–70, குவிமாடம் 1940.