கலைச்சொற்களைக் களத்தில் கற்பிப்பது எப்படி?

கேள்வி (தொடக்கப்பள்ளி ஆசிரியை, சிவகங்கை மாவட்டம்)

வணக்கம். நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் கற்பித்து வருகிறேன். ‘நீர்ப்பிடிப்புப் பகுதி’, ‘வண்டல்’, ‘கல்வெட்டு’, ‘நூற்றாண்டு’ ஆகிய சொற்களுக்குப் பிள்ளைகள் பிழையின்றிப் பொருள் ஒப்பிக்கிறார்கள். ஆனால் பள்ளிக்குப் பின்னால் உள்ள கண்மாய்க்கு எந்தத் திசையிலிருந்து தண்ணீர் வருகிறது என்று கேட்டால் விழிக்கிறார்கள். களப்பயணத்திற்கு எங்கே அழைத்துச் செல்லலாம்? சொற்களை முதலில் கற்பித்துவிட்டுப் போக வேண்டுமா, பார்த்து வந்த பிறகு கற்பிக்க வேண்டுமா?

மறுமொழி 1 (ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்)

அம்மா, முதல் பயணத்திற்கு அந்தக் கண்மாயே போதும். பேருந்து பிடித்துப் போகும் பயணங்களில் பாதி, சாப்பாட்டுப் பொட்டலத்தோடு முடிந்துவிடுகின்றன என்பது என் கருத்து. ‘மழை பெய்தால் தண்ணீர் எங்கே நுழையும், எங்கே வெளியேறும்?’ என்ற ஒரே கேள்வியோடு கரைமேல் நடக்க விடுங்கள். வரத்துக்கால் (தண்ணீர் வந்து சேரும் வாய்க்கால்), மடை (பாசனத்துக்குத் தண்ணீர் திறந்துவிடும் வாய்), கலிங்கு (நிரம்பிய தண்ணீர் வழிந்து வெளியேறும் இடம்) ஆகிய சொற்களை விவசாய வீட்டுப் பிள்ளைகளே மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். வகுப்புக்குத் திரும்பி அவர்கள் வரைபடம் வரைந்த பிறகு, எந்தெந்த நிலத்தில் விழும் மழை அந்த வரத்துக்காலில் வந்து சேர்கிறதோ அந்த நிலம் முழுவதையும் வண்ணமிடச் செய்து, அதுதான் நீர்ப்பிடிப்புப் பகுதி என்று சொல்லுங்கள். கண்மாய் வறண்டிருக்கும் ஜூலையில் ஒரு முறையும், வடகிழக்குப் பருவமழை முடிந்த ஜனவரியில் ஒரு முறையும் போனால், தண்ணீர் சுமந்து வந்து படியவிட்ட வண்டலையும் காட்டலாம், அதன்மேல் தேங்கி நிற்கும் தண்ணீரையும் காட்டலாம்.

திசைக்கு ஒரு குச்சியை நட்டு, நிழல் மிகக் குறுகும் நேரத்தில் கோடு போடுங்கள். அது வடக்குத் தெற்காக அமையும். ஆனால் நண்பகல் நிழல் எப்போதும் வடக்கே விழும் என்று சொல்லிவிடாதீர்கள். நம் பகுதியில் ஏப்ரல் பாதியிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை சூரியன் உச்சிக்கு வடக்கே இருப்பதால் நிழல் தெற்கே விழும்.

மறுமொழி 2 (பட்டதாரி ஆசிரியர், வரலாறு)

ஐயா சொன்னது புவியியலுக்குப் பொருந்தும். வரலாற்றில் பிள்ளைகள் தடுமாறுவது காலத்தின் நீளத்தில்தான். ‘ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்’ என்பதும் ‘தாத்தா காலத்தில்’ என்பதும் அவர்களுக்கு ஒன்றே. மைதானத்தில் ஒரு நூற்றாண்டுக்கு ஓர் எட்டு என்று நடக்கச் செய்யுங்கள். நாடு விடுதலை பெற்ற ஆண்டான 1947, முதல் எட்டுக்குள்ளேயே அடங்கிவிடும், 1010இல் கட்டி முடிக்கப்பட்ட தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் பத்து எட்டு, கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்று தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் அறிவித்த கீழடிக்கு ஏறத்தாழ இருபத்தாறு எட்டு. இதைச் செய்யாமல் கீழடி அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் சென்றால் பிள்ளைகள் கண்ணாடிப் பெட்டிகளைக் கடந்து ஓடுவார்கள். அங்கே குழுவுக்கு ஒரு பொருள் போதும்: எழுத்துப் பொறித்த பானை ஓடு, நூல் நூற்கும் தக்களி, பகடைக்காய். அதை வரைந்து, ‘இதை யார், எதற்குப் பயன்படுத்தியிருப்பார்கள்?’ என்று எழுதட்டும்.

மறுமொழி 3 (ஆசிரியப் பயிற்றுநர்)

எல்லாச் சொற்களையும் பயணத்திற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்பதை நான் ஏற்கவில்லை. திசைகள், மேடு, பள்ளம், வரைபடக் குறியீடு ஆகியவற்றை அறியாமல் போகும் குழந்தைக்குக் கண்ணில் பட்டதைக் குறிக்க வழியிராது. மற்றவை பிறகு வரட்டும். பெற்றோர் ஒப்புதலும் தலைமையாசிரியர் அனுமதியும் எழுத்தில் இருக்க வேண்டும். ஜனவரிப் பயணத்தில் மடைப் பக்கம் எவரையும் இறங்க விடாதீர்கள், அங்கே ஆழம் அதிகம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. திசைகளையும் குறியீடுகளையும் இந்த வாரம் முடித்துவிட்டு, சீமைக்கருவேலம் மண்டிய உட்புறத்தைத் தவிர்த்துக் கரைவழியாக மட்டும் அழைத்துச் செல்கிறேன். கீழடியை இரண்டாம் பருவத்திற்கு ஒத்திவைக்கிறேன்.