மோதலுக்கு 14 வீதம் என்றால் ஏழில் முடிந்துவிடாதா?

வெள்ளவத்தை மாணவி:
உயர்தரத்துக்குப் பௌதிகவியல் படிக்கிறேன். அணு உலையில் கிராபைட் எதற்கு என்று ஒரு குறிப்பில் படித்தேன். பிளவில் பிறக்கும் நியூத்திரனின் சக்தி சுமார் 20 இலட்சம் இலத்திரன்வோல்ற்று; அடுத்த பிளவு எளிதாக நடக்க அதை 0.025க்கு இறக்க வேண்டும். கிராபைட் என்பது காபன்தான்; காபன் கருவோடு மோதும்போது சராசரியாக 14 வீதம் போகிறது. அப்படியானால் ஏழெட்டு மோதலில் கதை முடிய வேண்டுமே? குறிப்பில் 115 என்று இருக்கிறது. அச்சுப்பிழையா?

கொட்டாஞ்சேனை வாத்தியார்:
அச்சுப்பிழை இல்லை, பிள்ளை. தொடக்கத்தில் இருந்த சக்தியின் 14 வீதத்தையே நீர் ஒவ்வொரு தடவையும் கழித்துவிட்டீர். போவது மிச்சத்தில் 14 வீதம்.

வீட்டில் கரம் பலகை இருந்தால் ஒரு காயால் இன்னொரு காயை நேராக அடித்துப் பாரும். அடித்தது நின்றுவிடும், அடிவாங்கியது ஓடும். ஐதரசன் கரு அப்படித்தான். எடை ஏறக்குறைய சமம். அதே காயைச் சட்டத்தில் அடித்தால் திரும்பி வரும், வேகம் பெரிதாகக் குறையாது. யுரேனியம் போன்ற பாரக் கருக்கள் அந்தச் சட்டம் மாதிரி. காபன் இடையில் நிற்கிறது: நேருக்கு நேர் மோதினால் 11/13 பங்கு வேகத்தோடு திரும்பும், சக்தியில் 28 வீதம் போகும். உரசிச் சென்றால் ஒன்றும் போகாது. இடைப்பட்ட எல்லா இழப்புக்கும் சம வாய்ப்பு, அதனால்தான் சராசரி 14.

0.025இல் நிற்பதற்கும் காரணம் உண்டு. காபன் அணுக்களும் வெப்பத்தில் ஆடிக்கொண்டிருக்கின்றன. நியூத்திரன் அந்த அளவுக்கு இறங்கியபின் கொடுப்பதும் வாங்குவதும் சரியாகிவிடும். அப்போதும் அது நொடிக்கு 2.2 கிலோமீற்றர் ஓடும்.

தெகிவளைக்காரன்:
தண்ணீரில் 18 மோதலே போதும். பிறகு ஏன் கிராபைட் என்று தங்கச்சி அடுத்ததாகக் கேட்பார், நானே சொல்லிவிடுகிறேன். ஐதரசன் வேகத்தைக் குறைப்பதோடு நியூத்திரனை விழுங்கியும் விடும். காபன் விழுங்குவது அதில் நூறில் ஒரு பங்கு அளவுதான். அதனால்தான் செறிவூட்டாத யுரேனியத்தையும் கிராபைட்டையும் அடுக்கியே 1942 டிசம்பர் 2இல் சிக்காகோவில் முதல் உலையை இயக்க முடிந்தது. ஆனால் கிராபைட்டில் நியூத்திரனை நன்றாக விழுங்கும் போரன் துளி இருந்தாலும் காரியம் கெட்டுவிடும். 1941இல் ஜெர்மனியில் போத்தே என்ற பௌதிகவியலாளர் அளந்த கிராபைட்டில் மாசு இருந்தது. இது உதவாது என்று அவர்கள் கனநீரின் (பாரமான ஐதரசன் கொண்ட நீரின்) பின்னால் போய்விட்டார்கள்.

நம் போகலைச் சுரங்கத்துக் காரீயத்தை, அதாவது இயற்கைக் கிராபைட்டை, அப்படியே உலையில் போடலாமா என்று யாரும் கேட்க வேண்டாம். உலைக்கானதைப் பெற்றோலியக் கோக்கிலிருந்து செய்து, 2,500 பாகைக்கு மேல் சுட்டு எடுக்கிறார்கள்.

வெள்ளவத்தை மாணவி:
நன்றி சேர், நன்றி அண்ணா. 8 கோடி மடங்கு குறைய வேண்டும். அதன் இயற்கை மடக்கை 18.2. கைபேசியில் 0.86இன் மடக்கையால் வகுத்தேன், 121 வருகிறது. 115 வரவில்லையே?

கொட்டாஞ்சேனை வாத்தியார்:
கெட்டிக்காரி. நீர் சராசரியின் மடக்கையை எடுத்தீர், எடுக்க வேண்டியது மடக்கைகளின் சராசரியை. 28 வீதம் போகும் மோதலின் மடக்கை 0.334, ஒன்றும் போகாததற்குச் சுழி. இடையில் உள்ளவற்றையும் சேர்த்துத் தொகையிட்டால் 0.158 வரும். 18.2ஐ அதால் வகுத்துப் பாரும். தொகையீட்டைத் தாளில் செய்து இங்கே போடும், திருத்தித் தருகிறேன்.