கணக்கை கிளவுடுக்கு மாற்றுவதா, நம் கணினியிலேயே வைத்துக்கொள்வதா?

அச்சகத்தான்:
அச்சகம் நடத்துகிறேன், 12 பேர் வேலை செய்கிறோம். பில், இருப்புக் கணக்கு, வாடிக்கையாளர்களின் டிசைன் எல்லாம் அலுவலகத்தில் உள்ள ஒரே கணினியில் இருக்கின்றன. மகள் அத்தனையையும் கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியாக வேறொரு நிறுவனத்தின் கணினிகளுக்கு, மாற்றச் சொல்கிறாள். எனக்கு மனம் வரவில்லை. 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் என்ற கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டர் தீப்பிடித்து ஒரு கட்டடமே எரிந்துபோனது. பேக்கப் நகலையும் அதே கட்டடத்தில் விட்டிருந்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. முகம் தெரியாதவர் வீட்டில் பெட்டியைக் கொடுத்துவிட்டு எப்படித் தூங்குவது? மாற்றக் கூடாது என்பதே என் கட்சி. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

வலைக்காவல்:
மறுக்கிறேன் சார். சிறு நிறுவனங்களின் கணினிகளைப் பராமரிப்பதுதான் என் தொழில். கண் முன்னால் இருந்தால் பத்திரம் என்று நம்பிக் கெட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் மென்பொருள், பரவியதே, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது. இரண்டு மாதமாக அதைப் போடாமல் விட்ட கணினிகள்தான் பெரும்பாலும் சிக்கின. கிளவுட் மென்பொருளில் அந்த வேலை உங்கள் தலையில் விழாது. உங்கள் கணினியில் விண்டோஸ் 10 ஓடுகிறதா என்றும் பாருங்கள். 2025 அக்டோபர் 14-உடன் அதற்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது.

பேரேடு:
நான் கணக்கர். வலைக்காவல் சொல்வதில் பாதியை ஏற்க மாட்டேன். கிளவுடுக்குப் போனால் கவலை விட்டது என்றுதான் விற்க வருகிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். 2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்துக்கு என்ன நடந்தது? அவர்களுடையது எல்லாம் அமேசான் கிளவுடில் இருந்தது. ஒருவன் அதன் நிர்வாகப் பக்கத்துக்குள் நுழைந்து பணம் கேட்டான். அவர்கள் கணக்கை மீட்கப் பார்த்ததும் அழிக்க ஆரம்பித்தான். தரவில் பெரும்பகுதி போனது, பேக்கப்பும் போனது, நிறுவனத்தையே மூடினார்கள். தரவும் பேக்கப்பும் ஒரே சாவியில் திறக்கும் என்றால் அது உங்கள் மேசையில் இருந்தால் என்ன, கிளவுடில் இருந்தால் என்ன?

வலைக்காவல்:
அது சாவியை வைத்திருந்த விதத்தின் குற்றம், கிளவுடின் குற்றமில்லை. நிர்வாகக் கணக்குக்கு, கடவுச்சொல்லோடு இன்னொரு எண்ணையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட வேண்டும். எஸ்எம்எஸ்ஸில் வரும் எண்ணைவிட, அந்த எண்ணைப் போனிலேயே உருவாக்கும் ஆதென்டிகேட்டர் செயலி நல்லது, ஏனென்றால் ஏமாற்றி உங்கள் போன் எண்ணுக்கே இன்னொரு சிம் வாங்கிவிட முடியும். பேக்கப்புக்குத் தனிக் கணக்கு, தனி கடவுச்சொல். ஒரு நாள் வேலைதான் இது.

பேரேடு:
ஒரு நாள் வேலை, சரி. யார் செய்வது? நான் முன்பு இருந்த நிறுவனத்தில் கணினி தெரிந்த ஒரு பையனிடம் எல்லாவற்றையும் விட்டிருந்தார்கள். இணையதளப் பெயர் அவனுடைய சொந்த மின்னஞ்சலில் பதிவாகியிருந்தது. அவன் வேலையை விட்டுப் போனான். நல்ல பையன்தான், ஆனாலும் கடவுச்சொற்களைத் திரும்ப வாங்க மூன்று மாதம் ஆனது. அதுவரை இணையதளத்தில் பழைய விலைப்பட்டியல்தான் இருந்தது. இப்படி வைத்துக்கொண்டு எங்கே மாற்றினாலும் பயனில்லை என்கிறேன்.

அச்சகத்தான்:
இதற்குத்தான் வேண்டாம் என்கிறேன். அப்புறம் இன்னொன்று. எங்களை மாதிரி சின்ன இடத்தை யார் தேடி வரப்போகிறார்கள்?

வலைக்காவல்:
யாரும் பெயர் சொல்லித் தேடுவதில்லை சார். திறந்த கதவு எங்கே இருக்கிறது என்று இணையம் முழுக்க மென்பொருள்கள் இரவும் பகலும் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. அதோடு, உங்களிடம் ஒன்றும் இல்லாவிட்டாலும் உங்கள் வாடிக்கையாளரிடம் இருக்கும். 2013-இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் 4 கோடி கார்டு எண்கள் திருடப்பட்டன. திருடர்கள் முதலில் பிடித்தது டார்கெட்டை அல்ல, அதற்குக் குளிர்சாதன வேலை பார்த்த ஓர் ஒப்பந்த நிறுவனத்தை. அந்த நிறுவனத்துக்குக் கொடுத்திருந்த நுழைவுச் சொல்லைத் திருடித்தான் உள்ளே போனார்கள். நீங்களும் பெரிய நிறுவனங்களுக்கு அச்சடித்துத் தருகிறீர்கள் அல்லவா?

பேரேடு:
இதை ஒத்துக்கொள்கிறேன், எனக்கே நடந்தது. பல வருடமாகச் சரக்கு தருகிற ஒருவரிடமிருந்து, வங்கிக் கணக்கை மாற்றிவிட்டோம் என்று மின்னஞ்சல் வந்தது. முகவரி அவருடையதே, பழைய கடிதத் தொடருக்குப் பதிலாகவே வந்தது. என் கையால் பணம் அனுப்பினேன். பத்து நாள் கழித்து அவர் பணம் எங்கே என்று கேட்டபோதுதான் தெரிந்தது, அவருடைய மின்னஞ்சலுக்குள் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். பணம் வரவே இல்லை. இன்று கணக்கு எண் மாறினால், நம்மிடம் முன்பே இருக்கும் தொலைபேசி எண்ணில் அழைத்துக் குரலைக் கேட்காமல் நான் ஒரு காசும் அனுப்புவதில்லை. அச்சகத்தான் சார், நீங்கள் கிளவுடுக்கே போகாவிட்டாலும் இந்த மின்னஞ்சல் உங்களுக்கு வரும்.

அச்சகத்தான்:
அது உறைக்கிறது. ஆனாலும் என்னிடம் பேக்கப் இருக்கிறது. வாரா வாரம் ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுக்கிறேன்.

வலைக்காவல்:
அந்த டிஸ்க் எப்போதும் கணினியில் செருகியே இருக்கிறதா? அப்படியானால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

பேரேடு:
என் கேள்வி வேறு. அதிலிருந்து எதையாவது திரும்ப எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? 2017 ஜனவரியில் கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் ஓர் ஊழியர் தவறுதலாகத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். ஐந்து விதமான பேக்கப் ஏற்பாடு வைத்திருந்தார்கள், நம்பும்படி ஒன்றும் வேலை செய்யவில்லை. வேறு காரணத்துக்காக ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்த ஒரு நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது. கணினியே தொழிலாக இருப்பவர்களுக்கு இந்த நிலை.

அச்சகத்தான்:
இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். பேரேடு கேட்டதால், போன மாத பில்களை டிஸ்க்கிலிருந்து மகளின் கணினியில் திறக்கப் பார்த்தோம். டிசைன் எல்லாம் இருக்கிறது. பில் ஒன்றுகூட இல்லை. பில் மென்பொருள் தன் கோப்புகளை வேறு ஃபோல்டரில் வைத்திருக்கிறது, நான் இத்தனை வருடமும் நகல் எடுத்தது டெஸ்க்டாப்பில் இருந்ததை மட்டும். இரவு முழுக்கத் தூக்கமில்லை.

பில்லையும் இருப்புக் கணக்கையும் கிளவுடுக்கு மாற்றச் சம்மதித்துவிட்டேன். டிசைன் கோப்புகள் இங்கேயே இருக்கும். அதில் நான் மாறவில்லை, ஓவிஎச் தீயை மறக்கவும் முடியவில்லை. இனி இரண்டு டிஸ்க், ஒன்று எப்போதும் வீட்டில்.

வலைக்காவல்:
டிசைனையும் மாற்றச் சொல்லி நான் மறுபடி வாதாடுவேன், இன்று வேண்டாம். கிளவுடில் இருக்கும் பில்லையும் மாதம் ஒரு முறை இறக்கி அந்த டிஸ்க்கில் போடுங்கள்.

பேரேடு:
நிர்வாகக் கணக்கை யார் பேரில் திறக்கிறீர்கள்?

அச்சகத்தான்:
மகள் பேரில் என்று நினைத்தேன். நிறுவன மின்னஞ்சலிலேயே திறக்கிறோம், போன் தொலைந்தாலும் உள்ளே நுழைய உதவும் மீட்புக் குறியீட்டை எழுதி நான் இரும்புப் பெட்டியில் வைக்கிறேன்.