தலையில அடிபட்ட பிறகு திரும்ப ஓடத் தொடங்குறது எப்பிடி?

வாவிக்கரைப் பொடியன்:
எல்லாருக்கும் வணக்கம். மாசி மாசம் பைக்கால விழுந்து தலையில அடி, ஸ்கேன்ல சின்ன ரத்தக்கசிவு எண்டு சொல்லி வார்ட்ல வச்சிருந்தாங்க, ஒப்பரேஷன் செய்யல்ல. இப்ப அரைநாள் வேலைக்குப் போறன். அடிபட முதல் பின்னேரத்துல வெபர் கிரவுண்ட்ல புட்போல்தான் நமக்கு. இப்ப நடந்தா ஒண்டுமில்ல, ஆனா கல்லடி பீச்சில கொஞ்சம் ஓடினாக் காணும் தல விண்விண்ணெண்டு இடிக்குது, வெளிச்சம் கூசுது, மறுகா அடுத்த நாள் முழுக்க படுக்கைதான். இது ஸ்டெமினா போனதா இல்ல மூள இன்னும் ஆறல்லையா? அம்மா வாசலத் தாண்ட விடுறா இல்ல, கூட்டாளிமார் வலியப் பாக்காம ஓடு மச்சான் எண்டுறானுகள். வலிப்பு வராம இரிக்க குளிசையும் போடுறன்.

கல்முனை பிசியோ:
தம்பி, அம்மா சொல்றதும் சரியில்ல கூட்டாளிமார் சொல்றதும் சரியில்ல. நீங்க கேட்ட ஸ்டெமினா, மூள ரெண்டும் கலந்துதான் நடந்திரிக்கி. கிடந்து கிடந்து உடம்பு தளர்ந்தது ஒண்டு. மற்றது, மூள அடிபட்டா நெஞ்சுத்துடிப்பையும் மூளைக்குப் போற ரத்தத்தையும் தானா சரிக்கட்டுற வேல கொஞ்சம் குழம்பும், அதால ஒரு அளவுக்கு மேல பள்ஸ் ஏறினா தலயிடி துவங்கும், அதுக்குக் கீழ நிண்டா ஒண்டும் செய்யாது. அந்த அளவக் கண்டுபிடிக்கிறதுதான் வேல. அமெரிக்காவில பஃபலோ யூனிவர்சிட்டிக்காரர் இதுக்கெண்டே ஒரு ட்ரெட்மில் டெஸ்ட் வச்சிரிக்காங்க, நிமிசத்துக்கு நிமிசம் ஏத்தத்தக் கூட்டிக்கிட்டுப் போய் எந்தப் பள்ஸ்ல வருத்தம் கூடுதெண்டு பாப்பாங்க, பிறகு அதுல 80 இல்லாட்டி 90 வீதத்துல எக்சசைஸ் செய்யச் சொல்லுவாங்க. 130ல இடிக்கத் துவங்கினா 104க்கும் 117க்கும் இடையில 20 நிமிசம் போல. நமக்கு ட்ரெட்மில் வேணுமெண்டில்ல, நிண்டு 15 செக்கன் நாடி பிடிச்சு 4ஆல பெருக்கினா போதும். தலயிடிக்கு ப்ரோப்ரனலோல் போடுறீங்களெண்டா இந்தக் கணக்குச் சரிவராது, அது பள்ஸ ஏற விடாது.

மணலயும் விடுங்க. மணலில பள்ஸ் டக்கெண்டு ஏறும், காந்தி பூங்காப் பக்கம் மட்டமான ரோட்டில வேகமா நடந்து பாருங்க. தலயிடிக்குப் பத்துக்கு எத்தினையெண்டு நீங்களே புள்ளி போடுங்க, செய்யக்குள்ள அது ரெண்டு புள்ளிக்கு மேல கூடாம ஒரு மணித்தியாலத்துக்குள்ள அடங்கினா பயமில்ல, அதுக்கு மேல போனா நிப்பாட்டிட்டு மறுநாள் கொறச்சுச் செய்யணும். இருட்டறையில கிடக்கச் சொன்ன காலம் போயிட்டு, 2022ல ஆம்ஸ்டர்டாம்ல கூடின விளையாட்டு டொக்டர்மார் முதல் 24லிருந்து 48 மணித்தியாலம் ஓய்வு போதும், பிறகு மெல்ல எழும்பு எண்டுதான் முடிவெடுத்தாங்க. ஆனா அது ரத்தக்கசிவு இல்லாத லேசான அடிக்குச் சொன்னது. உங்கட கேஸ் வேற, கிளினிக்ல கேட்டுட்டுத் துவங்குங்க.

அக்கரைப்பத்து காக்கா:
பிசியோ செல்றது சரி தம்பி. எங்கட தம்பிக்கும் இப்பிடித்தான், சுபஹ் தொழுதிட்டு வெயில் ஏறமுன்ன நடந்துதான் தேறினான். கச்சான் காத்து வீசுற மாசத்துல பின்னேரம் 3 மணிக்கு வெளிக்கிட்டா நல்லாரிக்கிறவனுக்கே தல சுத்தும். நோம்பு நாளையில அவன் நோம்பு துறந்து தண்ணி வென்னி குடிச்ச பொறகுதான் நடந்தான். இன்னொண்டு, ராவைக்கு நித்திர இல்லாட்டி அடுத்த நாள் எக்சசைஸ உடுங்க, சும்மா வம்பு. பெரிய விசயம் அந்த வலிப்புக் குளிசை. குளிசை போடுறவர் கடலுக்கோ வாவிக்கோ தனிய நீந்தப் போகப்படா, கிணத்துக்கட்டுல நிண்டு குளிக்கிறதும் ஆகாது, சைக்கிளோ பைக்கோ டொக்டர்ட்டக் கேக்காம தொடப்படா. குளிசைய நீங்களா நிப்பாட்டவும் வேணாம்.

வாவிக்கரைப் பொடியன்:
நன்றி காக்கா, நன்றி பிசியோ. பள்ஸ் பாத்து நடக்கத் துவங்குறன். ஜிம்முக்குப் போய் வெயிட் தூக்கலாமா? மற்றது மெச் விளையாடுறது எப்ப, ஹெட் அடிக்கலாமா?

கல்முனை பிசியோ:
வெயிட் இப்ப பாரமா வேணாம். மூச்சப் பிடிச்சுத் தம் கட்டித் தூக்கினா தலைக்குள்ள அமுக்கம் ஏறும், கிளினிக்ல ஓமெண்டா லேசான வெயிட்ட மூச்ச விட்டுவிட்டுத் தூக்குங்க. ஓட்டம் வருத்தமில்லாம வந்த பிறகு தனிய பந்தோட ப்ராக்டிஸ், பிறகு ஆக்களோட ஆனா இடிபடாம, டொக்டர் ஓமெண்ட பிறகுதான் மெச். ஹெட் அடிக்கிறது எல்லாத்துக்கும் கடைசி, என்னக் கேட்டா இந்த வருசத்துக்கு மறந்திடுங்க. ஆற முதல் ரெண்டாவது அடி பட்டா அது முதல் அடி மாதிரி இரிக்காது. நடுவில தலயிடி அடங்காமக் கூடிக்கிட்டே போனாலோ, சத்தி எடுத்தாலோ, ஒரு பக்கக் கை கால் சோர்ந்தாலோ, வலிப்பு வந்தாலோ நாளைக்குப் பாப்பமெண்டு இரிக்காம 1990 அம்புலன்சுக்கு அடிக்கணும். அத அம்மாக்கும் சொல்லி வைங்க.

ஏறாவூர் தங்கச்சி:
இடையில வாறதுக்கு மன்னிக்கணும், எங்கட மாமாக்கு மண்டையோட்டு எலும்பு ஒரு துண்டு எடுத்துட்டாங்க, இன்னும் திருப்பி வைக்கல்ல. அவரும் நடக்கலாமா?

கல்முனை பிசியோ:
டொக்டர் விட்டா நடக்கலாம் தங்கச்சி, ஆனா தனிய விடாதீங்க. அந்த இடத்துல எலும்பில்ல, விழுந்தா நேர மூளையிலதான் படும், அதால தலைக்குக் கவசம் போட வேணுமா எண்டு கேளுங்க. குனிஞ்சு பாரம் தூக்க விடாதீங்க. நடக்கக்குள்ள அந்தப் பக்கமா ஒராள் கூட வாறது நல்லம்.