கம்பியையும் பேனரையும் நீக்கிவிட்டு எடுத்தால் அது சேலத்தின் படமா?

அஸ்தம்பட்டியார்:
நம் ஊர்ப் படத்தொகுப்புக்கு இப்போது வந்துகொண்டிருக்கும் படங்களைப் பார்த்துச் சலித்துத்தான் இதை எழுதுகிறேன். ஏற்காடு சாலையில் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவையே எடுத்துக்கொள்வோம். 1935இல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட திரைப்படங்களைத் தயாரித்த நிறுவனத்தின் சுவடாக அவ்விடத்தில் எஞ்சியிருப்பது அந்த நுழைவாயில் வளைவுதான். அதைப் படமெடுப்பவர்களோ குறுக்கே ஓடும் மின்கம்பி, யாரோ கட்டிய திருமண பேனர், ஓரத்தில் நிறுத்திய இருசக்கர வாகனம் ஆகிய அனைத்தையும் சேர்த்து எடுத்து அனுப்புகிறார்கள். இவற்றைத் தொகுப்பில் சேர்க்கக் கூடாது என்பது என் முன்மொழிவு. பேனர் இல்லாத நாள்வரை காத்திருக்கலாம். கம்பியைக் கைப்பேசியிலேயே அழித்துவிடலாம்.

செவ்வாய்ப்பேட்டைவாசி:
ஐயா, இதை நான் முழுமையாக எதிர்க்கிறேன். பழைய படம் ஒன்று கையில் கிடைத்தால் நாம் முதலில் எதைத் தேடுகிறோம்? கோபுரத்தையா? அது இன்றும் அங்கேயேதான் இருக்கிறது. அருகிலிருந்த கடையின் பெயர்ப்பலகை, சாலையில் நின்ற பேருந்து, சுவரில் ஒட்டியிருந்த விளம்பரம் ஆகியவற்றைத்தான் கண் தேடுகிறது. ஐந்து ரோட்டில் 2020இல் ஈரடுக்கு மேம்பாலம் திறக்கப்படுவதற்கு முன்னால் அந்தச் சந்திப்பு எப்படி இருந்தது என்று கேட்கும் பிள்ளைகளுக்குக் காட்ட என்னிடம் ஒரு படமும் இல்லை. நெரிசலும் புகையுமாக இருந்த இடத்தை அழகில்லை என்று ஒதுக்கியதன் விளைவுதான் அது. தாங்கள் நீக்கச் சொல்லும் பேனர்தான், அந்தப் படம் எந்த ஆண்டில் எடுக்கப்பட்டது என்பதற்கு நாளை சாட்சி சொல்லப் போகிறது.

அஸ்தம்பட்டியார்:
ஆவணம் வேண்டுமென்றால் நில அளவை வரைபடம் இருக்கிறது. படமெடுப்பவர் செய்யும் வேலை தேர்ந்தெடுப்பது. எதை விடுவது என்று தெரியாதவருக்கு எதை வைப்பது என்பதும் தெரியாது. வளைவுக்கு மிக அருகில் நின்று, கைப்பேசியின் அகல லென்ஸில் அண்ணாந்து எடுப்பதால் தூண்கள் இரண்டும் மேலே போகப்போக உள்நோக்கிச் சாய்ந்து தெரிகின்றன. சாலையின் எதிர்ப்புறம் சென்று, கைப்பேசியைச் சாய்க்காமல் நேராகப் பிடித்து, இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுத்தால் வளைவு தன் உண்மையான வடிவத்தில் நிற்கும். முன்னால் நிற்கும் வண்டிகளையும் இரண்டடி இடமோ வலமோ நகர்ந்தாலே பெரும்பாலும் தவிர்த்துவிடலாம். இதை எப்படிப் பொய் என்று சொல்ல முடியும்?

மலைப்பாதை:
நான் ஏற்காட்டில் வசிப்பவன். அண்ணன்கள் இருவரும் வளைவோடு நின்றுவிட்டதால் சற்று மேலே அழைத்துச் செல்கிறேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வருகிறவர்கள் எடுத்துச் செல்வது ஏரியும் படகும் மூடுபனியும்தான். சில்வர் ஓக் மரங்களில் படர்ந்திருக்கும் மிளகுக்கொடியையும், அதன் நிழலில் நிற்கும் காப்பிச் செடியையும், பழம் பறித்த பின் களத்தில் காயும் காப்பிக்கொட்டையையும் எடுப்பவர்கள் குறைவு. மலையில் வாழும் எங்களுக்கு அன்றாடக் காட்சி அதுதான்.

ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்ற காட்சிமுனையிலிருந்து கீழே சேலத்தை எடுக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு தகவல்: கோடையில் புழுதி மூட்டத்தில் நகரம் வெளிறிப்போய்த் தெரியும், மழை பெய்து ஓய்ந்த மாலையில்தான் தெளிவாகத் தெரியும்.

ஆனால் அஸ்தம்பட்டியாரிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. நகரத்துக்கும் மலைக்கும் இடையில் வெள்ளைக்கல் எனப்படும் மேக்னசைட் கனிமத்தின் சுரங்கங்கள் இருக்கின்றன. மேக்னசைட் வெட்டிய குழிகளும் கழிவுக்கல் குவியல்களும் பசுமைக்கு நடுவே வெளுத்துக் கிடக்கின்றன. அழகு என்று பார்த்தால் அவை படத்திலிருந்து போக வேண்டியவை. அவற்றை நீக்கிவிட்டால் சேலத்துக்கும் வேறெந்த மலையடிவார ஊருக்கும் என்ன வேறுபாடு இருக்கும்?

அஸ்தம்பட்டியார்:
சுரங்கத்தை நீக்கச் சொல்ல மாட்டேன், தம்பி. சாயும் வெயிலில் அந்தக் குவியல்களின் நிழல் நீண்டு விழும்போது எடுத்தால் அதுவே சிறந்த படமாகும். பேனருக்கு அந்தத் தகுதி கிடையாது.

அம்மாபேட்டை நெசவாளர் வீடு:
நீங்கள் மூவரும் கட்டடத்தையும் கல்லையும் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் தெருவில் கேமராவோடு வருகிறவர்கள் தறி ஓடும் வீட்டின் சன்னலுக்குள் கேட்காமலே எடுக்கிறார்கள். குழாயடியில் நிற்கும் பெண்களையும் விடுவதில்லை. கேட்டால், பொது இடத்தில் நின்றுதானே எடுக்கிறோம் என்கிறார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கட்டடத்தைப் படமெடுப்பது பதிப்புரிமை மீறலாகாது என்று சொல்வது உண்மைதான். அது கட்டட வடிவமைப்பைப் பற்றிய பேச்சு. அந்த வீட்டுக்குள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் மாமியாரைப் பற்றியதல்ல. செவ்வாய்ப்பேட்டை அண்ணன் எல்லாம் படத்தில் இருக்கட்டும் என்கிறார். உங்கள் பகுதி வெள்ளிக்கொலுசுப் பட்டறைக்குள் சென்று, மேசைமேல் வெள்ளி கிடக்கும்போது அப்படி ஒரு படம் எடுத்துவிட்டு வர முடியுமா?

செவ்வாய்ப்பேட்டைவாசி:
முடியாது, சகோதரி, விடவும் மாட்டார்கள். பட்டறை எங்கே இருக்கிறது, எவ்வளவு சரக்கு இருக்கிறது என்பது வெளியே தெரிவதில் அவர்களுக்கு உள்ள அச்சம் நியாயமானது. முகமும் வீட்டு உட்புறமும் கேட்ட பிறகுதான் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. என் வாதம் தெருவைப் பற்றியது.

திருமணிமுத்தாற்றைப் பாருங்கள். சேர்வராயன் மலையில் பிறந்து, நகரத்தின் நடுவே கழிவுநீரைச் சுமந்து, கோட்டை மாரியம்மன் கோயிலை ஒட்டிப் போகிறது. ஆடித் திருவிழாவுக்கு வரும் பல்லாயிரம் பேரும் அம்மனைப் படமெடுக்கிறார்கள். ஆற்றின் பக்கம் கேமரா திரும்புவதில்லை. ஒரே பாலத்தில், ஒரே தூணருகில் நின்று, ஒவ்வொரு ஆண்டும் கோடையில் ஒன்றும் மழைக்காலத்தில் ஒன்றும் எடுத்துவைத்தால், ஆறு தேறுகிறதா கெடுகிறதா என்று யாரும் வாதிட வேண்டியிருக்காது. அந்தப் படம் நிச்சயமாக அழகாக இருக்காது.

இன்னொன்று: படங்களை வாட்ஸப்பில் சாதாரணப் படமாக அனுப்பாதீர்கள். எடுத்த தேதியும் இடமும் அதில் உதிர்ந்துவிடுகின்றன, படமும் சுருங்கிவிடுகிறது. டாக்குமெண்டாக அனுப்பினால் இவை தங்கும்.

அஸ்தம்பட்டியார்:
பாலத்துப் படங்களை எடுத்து வையுங்கள். வேண்டாமென்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் ஊரார் பார்வைக்கு வைக்கும் தொகுப்பில், ஒருவரையும் ஒரு நொடிகூட நிறுத்தாத படம் இருந்து என்ன பயன்? பார்க்கப்படாத ஆவணம் அலமாரியில்தான் கிடக்கும்.

மலைப்பாதை:
இன்று பார்க்காததைப் பேரப்பிள்ளைகள் பார்க்கலாமே, அண்ணா.

செவ்வாய்ப்பேட்டைவாசி:
இதற்கு மேல் நாம் இருவரும் ஒத்துப்போவது கடினம். ஒன்றே ஒன்று கேட்கிறேன். நகர்ந்து நின்று கம்பியைத் தவிர்ப்பது வேறு, இருந்த கம்பியைக் கைப்பேசியில் அழிப்பது வேறு. அப்படி அழித்த படங்களுக்குக் கீழே 'கம்பி நீக்கப்பட்டது' என்று எழுதத் தங்களுக்குச் சம்மதமா?

அஸ்தம்பட்டியார்:
சம்மதம். பேனர் தொங்கும் படத்துக்கு மட்டும் என் வாக்கு கிடைக்காது.