மண்கரையின் அடியில் கசிவு: அடைக்கலாமா, விடலாமா?

கேள்வி (தென்னந்தோப்புக்காரர், அழகர்மலை அடிவாரம்)

நான்கு ஆண்டுகளுக்கு முன் நாங்கள் வாங்கிய தோப்பின் மேற்கு எல்லையில், முந்தைய உரிமையாளர் கட்டிய மண் அணை ஒன்று இருக்கிறது. நீளம் 70 மீட்டர் இருக்கும். நடுவில் உயரம் 5 மீட்டர். மடைக்குப் பதிலாகக் கரையின் ஊடே 6 அங்குல பிவிசி குழாயைப் புதைத்து, அதன் வெளிமுனையில் வால்வு வைத்திருக்கிறார். கூடுதலாகத் தண்ணீர் நிற்கட்டும் என்று ஐப்பசியில் கலுங்கின் (நிறைந்த நீர் வழிந்து வெளியேறும் இடம்) மேல் ஒன்றரை அடிக்கு மணல் மூட்டை அடுக்கினோம். நிறைந்த பத்தாம் நாள், குழாய் வெளிவரும் இடத்துக்கு இரண்டடி தள்ளிக் கரையடியில் புல் மட்டும் திட்டாகப் பச்சை பிடித்தது; பிறகு செருப்புப் புதைந்தது; இப்போது விரல் தடிமனில் நீர் ஓடுகிறது. தோப்பைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர், கசியாத கண்மாய்க் கரை ஏது என்கிறார். கொத்தனாரோ களிமண்ணைக் குழைத்து வெளியிலிருந்து அடைத்துவிடலாம் என்கிறார். கரைக்குக் கீழே அரைக் கிலோமீட்டரில் பத்துப் பன்னிரண்டு வீடுகள் இருப்பதால் எனக்கு இரவில் தூக்கமில்லை. கரை மேல் நிற்கும் வேம்பையும் சீமைக்கருவேலத்தையும் வெட்ட வேண்டுமா என்பதையும் சொல்லுங்கள்.

பதில் 1 (ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர், மதுரை)

பெரியவர் சொல்வது பாதி சரி. மண்கரை என்றால் கசியும். கசியும் நீர் மண்ணைக் கூட்டிக்கொண்டு வருகிறதா என்பதே கேள்வி. வெள்ளைக் கண்ணாடிப் பாட்டிலில் அந்த நீரைப் பிடித்து ஓர் இரவு அசைக்காமல் வையுங்கள். 10 லிட்டர் வாளி நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்பதை, அன்றைய நீர்மட்டத்துடன் சேர்த்து நாள்தோறும் குறித்து வாருங்கள். மட்டம் மாறாமல் இருக்கும்போதே ஓட்டம் கூடினாலும், அடியில் வண்டல் படிந்தாலும், கரைக்குள் மண் அரிபடுகிறது என்று பொருள்.

கொத்தனாரின் யோசனையை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். வெளிவாயை அடைத்தால் நீர் நின்றுவிடாது. கரைக்குள் அழுத்தம் ஏறி, இன்னும் பலவீனமான வேறோர் இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். நீர் வரட்டும், மண் வரக் கூடாது. கசியும் இடத்தில் முதலில் ஆற்று மணல், அதன் மேல் பொடி ஜல்லி, அதன் மேல் கல் என்று பரப்பினால் மண் உள்ளேயே தங்கிவிடும்.

எனக்குச் சந்தேகம் குழாயின் மேல்தான். உருண்டைக் குழாயின் அடிவயிற்றுப் பக்கத்து மண்ணுக்குத் திமிசு (மண்ணை இடித்து இறுக்கும் கட்டை) எட்டுவதில்லை. அந்த இளக்கமான மண்ணின் வழியே நீர் பாதை தேடும். வால்வு வெளிமுனையில் இருப்பதால், மூடியிருக்கும் நேரமெல்லாம் கரைக்குள் இருக்கும் குழாய் முழு அழுத்தத்தில் நிற்கிறது; ஒரு ஜாயின்ட் விட்டாலும் நீர் கரையின் வயிற்றுக்குள்தான் போகும். நம் பழைய கண்மாய் மடைகளைப் பாருங்கள்: அடைப்பு நீர்ப்பக்கத்தில் இருக்கும்.

மூட்டைகளை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். கலுங்குக்கும் கரை உச்சிக்கும் இடையே விட்டிருக்கும் உயரம், பெருமழை நாளுக்கு வைத்த இடம். அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்த வேடசந்தூர்ப் பக்கத்துக் கொடகனாறு அணை 1977 வெள்ளத்தில் உடைந்தது இப்படித்தான். மின்சாரம் போய், ஷட்டர்களை முழுமையாகத் தூக்க முடியாமல், நீர் கரை மேல் வழிந்து வெளிச்சரிவை அரித்துவிட்டது. உங்கள் கலுங்குக்கு ஷட்டர் இல்லை. அது தானாக வழிவது ஒரு கொடுப்பினை.

பதில் 2 (கரிசல்காட்டு விவசாயி, டி.கல்லுப்பட்டி)

மரத்தைப் பற்றி நான் பட்டதைச் சொல்கிறேன். எங்கள் கரையில் நின்ற கருவேலத்தை அடியோடு வெட்டி, வேர்க்கட்டையை அப்படியே விட்டுவிட்டோம். ஆறாம் ஆண்டு அந்த இடத்தில் கையை விட்டால் முழங்கை வரை உள்ளே போயிற்று. வேர் மக்கிப்போய், அது இருந்த இடம் பொந்தாகிவிட்டது. கன்றாக இருப்பவற்றை இப்போதே பிடுங்குங்கள். பெரிய மரங்களைத் தண்ணீர் நிற்கும்போது தொடவே வேண்டாம். கோடையில் வேரோடு தோண்டி எடுத்து, குழியை ஈரமண்ணால் அடுக்கடுக்காகத் திமிசு போட்டு நிரப்புங்கள். நண்டு வளையையும் எலி வளையையும் தேடிக்கொண்டே ஒரு முறை நடந்து பாருங்கள். புல்லைச் செதுக்காமல் எதுவும் கண்ணில் படாது.

பதில் 3 (வழக்கறிஞர், மதுரை)

2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளவற்றில் நீளம், கொள்ளளவு போன்ற சில வரம்புகளுக்குள் வருபவற்றுக்குமே பொருந்தும். உங்கள் அணை அதில் வராது. ஆனால் அணை உடைந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு அணை வைத்திருப்பவரைத் தேடி வரும். கார்வேட்டிநகரம் ஜமீன்தாரின் ஏரிகள் உடைந்து சென்னை ரயில்வே கம்பெனிக்குச் சேதம் ஏற்பட்ட வழக்கில், கவனக்குறைவு இல்லாததால் அவர் பொறுப்பல்ல என்று 1874இல், ஆங்கிலேயர் காலத்தில் இறுதி மேல்முறையீடுகளை லண்டனில் விசாரித்த பிரிவி கவுன்சில் சொன்னது உண்மை. மக்களுக்காகக் காலங்காலமாகக் காக்க வேண்டிய ஏரிகள் அவை என்பதே அதன் அடிப்படை. தன் தென்னைக்கென ஒருவர் கட்டிய அணைக்கு, அதுவும் கசிவைப் பார்த்த பிறகும் சும்மா இருந்தவருக்கு, அந்த வாதம் கைகொடுக்காது என்பது என் கருத்து. புலப்படத்தில் (நில அளவை வரைபடம்) ஓடைப் புறம்போக்கு உங்கள் நிலத்துக்குள்ளே ஓடுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். ஓடினால் பிரச்சினையே வேறு.

கேள்வி கேட்டவர்

மூட்டைகளை எடுத்துவிட்டேன், ஐயா. வாளி நிறைய முதல் நாள் 70 விநாடி ஆயிற்று; மட்டம் ஒன்றரை அடி இறங்கிய பிறகும் 64 விநாடிதான் ஆகிறது. பாட்டிலின் அடியில் ஒரு நூல் கனத்துக்குச் செம்மண் படிந்திருக்கிறது.

பதில் 1 (மீண்டும்)

மட்டம் இறங்கியும் ஓட்டம் கூடியிருக்கிறது, மண்ணும் வருகிறது. இனி வேடிக்கை பார்க்கக் கூடாது. மணல், ஜல்லி, கல்லை இன்று இருட்டுவதற்குள் பரப்புங்கள். வால்வைத் திறந்தே வைத்து, கரை மேலாக ஹோஸ் போட்டு டீசல் என்ஜினாலும் நீரை இறக்குங்கள். சாதாரண நாளில் ஒரு நாளைக்கு ஓரடிக்கு மேல் இறக்கினால் உள்சரிவு சரியும் என்று எச்சரிப்பேன். இப்போது கசிவு கலங்கலாகவே வந்தால் அந்தக் கணக்கையும் பார்க்க வேண்டாம். கீழே உள்ள வீட்டாரிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள், கிராம நிர்வாக அலுவலருக்கும் தெரிவியுங்கள், இரவில் டார்ச்சுடன் ஓர் ஆளைக் கரையில் வையுங்கள். சித்திரையில் கரையைத் தோண்டிக் குழாயை எடுத்துவிட்டு, நீர்ப்பக்கம் அடைப்பு வைத்த புதுக் குழாயைப் போடுவோம். வெளிப்பக்கம் அதைச் சுற்றி மணல் வடிகட்டி வேண்டும். தோண்டும் நாளைச் சொல்லுங்கள், நான் வருகிறேன்.