சியரா நெவாடா மலை ஏரிகள்: பிடித்த மீனை விடுவதா, சமைப்பதா?

தூண்டில்முள்:
ஆகஸ்டில் நண்பர்களோடு 5 நாள் கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைக்குப் போகிறோம். 3,000 மீட்டருக்கு மேல் இருக்கும் ஏரிகளின் பக்கத்தில் கூடாரம், கூடவே தூண்டில். பிடிக்கிற மீனை உடனே தண்ணீரில் விட்டுவிடுவதாக முடிவு. கொக்கி சுலபமாகக் கழல, அதன் எதிர்முள்ளைக்கூட நசுக்கிவிட்டேன். கையை நனைக்காமல் மீனைத் தொடக்கூடாது என்று கூட வருகிறவர்களிடமும் சொல்லியாயிற்று. அந்த ஏரிகளை இருந்தபடியே விட்டு வர வேண்டும்.

கரடிப்பாதை:
"இருந்தபடியே" என்றால் மீனே இருக்கக்கூடாது! அவை பனியாறு குடைந்த பள்ளங்கள். கீழே அருவிகள் மறித்ததால் பெரும்பாலான ஏரிகளுக்கு மீன் ஏறி வரவே முடியவில்லை. 19ஆம் நூற்றாண்டிலிருந்து கோவேறு கழுதை மேல் ஏற்றிக்கொண்டு போய் ட்ரவுட் என்ற நன்னீர் மீனை விட்டார்கள், பிறகு விமானத்திலிருந்தே கொட்டினார்கள். அதற்கு விலை கொடுத்தது மஞ்சள்கால் மலைத்தவளை. அதன் தலைப்பிரட்டை தவளையாவதற்குள் சில குளிர்காலங்கள் போய்விடும். அதுவரை அடிவரை உறையாத ஆழமான ஏரி வேண்டும். ட்ரவுட் பிழைப்பதும் அதே ஏரியில்தான். யார் யாரைத் தின்றிருப்பார்கள்?

தூண்டில்முள்:
தவளைத் தோலில் நோய் உண்டாக்கும் கைட்ரிட் பூஞ்சையை வசதியாக மறந்துவிட்டீர்களே. தவளைகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது அதுவும்தான். நாங்கள் நாலு மீனைத் தின்றால் தவளை திரும்பி வந்துவிடுமா?

கரடிப்பாதை:
பூஞ்சை உண்மைதான். ஆனால் கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்காவில் சில ஏரிகளிலிருந்து வலை போட்டு ட்ரவுட்டை அகற்றியதும் தவளைகள் பெருகின. தூண்டிலால் அது நடக்காது, சரி. விட்டுவிட்டால் புண்ணியம் என்று நினைக்கிறீர்களே, எரிச்சல் அதில்தான். ப்ரூக் என்ற ட்ரவுட் வகை நெருக்கியடித்துக் கிடக்கும் ஏரிகளில் பாருங்கள்: தலை பெரிது, உடம்பு ஒல்லி. இரை போதாமல் வளராமலே நின்றுவிடுகின்றன. அதைத் திரும்ப விட்டு யாருக்கு லாபம்?

பாறைப்பல்லி:
இருவரும் கரடியை விட்டுவிட்டீர்கள். அங்கே பல பகுதிகளில் சாப்பாட்டைக் கரடிப்பெட்டியில், அதாவது கரடியால் திறக்க முடியாத பெட்டியில், பூட்டி வைப்பது கட்டாயம். மீன் வறுத்த சட்டி அதற்குள் நுழையுமா? குடலை எங்கே போடுவீர்கள்? உயரம் போகப்போக விறகு எரிக்கவும் தடை, கேஸ் அடுப்புதான். ஒன்று மட்டும் சொல்கிறேன், மீனை நம்பி அரிசியைக் குறைக்காதீர்கள். காற்றடித்தால் ஏரி ஒன்றும் தராது, பசி மட்டும் அப்படியே இருக்கும். அப்புறம், 16 வயது ஆனவர்கள் எல்லோருக்கும் கலிபோர்னியா மீன்பிடி உரிமம் வேண்டும், விட்டாலும் தின்றாலும்.

கரடிப்பாதை:
சட்டிக்குப் பதில் அலுமினியத் தாளில் வேகவைக்கலாம். தாளைக் கசக்கிப் பெட்டியில் போட்டால் முடிந்தது.

தூண்டில்முள்:
அப்படியானால் கோல்டன் ட்ரவுட்? அது இதே மலையிலுள்ள கெர்ன் ஆற்றின் மேல்பகுதிக்கே சொந்தமான மீன் ஆயிற்றே, அதுவும் வந்தேறியா?

கரடிப்பாதை:
கெர்ன் பக்கம் பிடித்தால் விட்டுவிடுங்கள், மறுபேச்சில்லை. ஆனால் அதையும் வேறு ஏரிகளுக்குத் தூக்கிப்போய் விட்டிருக்கிறார்கள். அங்கே அதுவும் வந்தேறிதான்.

தூண்டில்முள்:
ப்ரூக் கிடைத்தால் அலுமினியத் தாள், ஒப்புக்கொள்கிறேன். மற்றதை விடத்தான் போகிறேன், நீங்கள் எவ்வளவு திட்டினாலும்.